புதுச்சேரித் தெருக்களைப் படமெடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாரிடமும் பாடம் கேட்காமல், செகண்ட்ஹேண்ட் கேமராவிலோ கைபேசியிலோ தாமாகவே பழகி, புதுச்சேரியின் தெருவாழ்வைப் படமெடுத்துவரும் இளைஞர்களுக்கு,

தெருவாழ்வைப் பதிவு செய்த ஒளிப்படக்காரர்களில் தாமே கற்றவர்களின் வரிசை நீளமானது. அதில் முதலில் வைக்க வேண்டியவர் பாரிஸின் எழேன் அட்ஜே. 1857இல் பிறந்தவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கப்பலில் வேலை செய்தார், நாடகக் குழுவோடு ஊர் ஊராகத் திரிந்தார், எதுவும் கைகொடுக்காத நிலையில் முப்பது வயதையொட்டிக் கேமராவைப் பிடித்தார். பெரிய மரக் கேமரா, முக்காலி, 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். கடை முகப்புகள், மாடிப்படிகள், கூவி விற்கும் தெரு வியாபாரிகள், நகரத்தின் விளிம்பில் கந்தல் பொறுக்கிப் பிழைத்தவர்களின் குடிசைகள் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் எடுத்தார். தம்மைக் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஓவியர்களுக்கு ஆவணம் தருபவர் என்றே தம் தொழிலைக் குறிப்பிட்டார். 1920இல் 2,600க்கு மேற்பட்ட தகடுகளைப் பிரெஞ்சு அரசுக்கு விற்றார். 1927இல் அவர் இறந்த பிறகு, எஞ்சியவற்றைப் பெரெனிஸ் ஆபட் என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் வாங்கிப் பல்லாண்டு காத்தார்; 1968இல் அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பழைய பாரிஸின் தெருவை ஆராய்பவர்கள் இன்றும் அட்ஜேயின் படங்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

அத்தனை தூரம் போகாமல் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மதுரை ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமார், மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய ஒரு தாயின் மகன். ஒளிப்படத்தைக் கல்லூரியில் பயிலாமல் களத்தில் கற்றுக்கொண்டவர். மலக்குழியிலும் சாக்கடையிலும் மனிதர் இறங்கும் கொடுமையை வெளிக்கொண்டு வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். திவ்யபாரதி இயக்கிய அந்தப் படம் 2017இல் வெளிவந்தது. பி. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ என்னும் கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தில் 2019இல் நல்கை பெற்று, பின்னர் அதன் ஒளிப்படக்காரராகவே ஆனார். தயாநிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை 2022இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், புதுச்சேரிக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் உள்ள கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் கழிவை விற்றே பிழைக்கும் மூதாட்டி, சாக்கடையில் விஷவாயு தாக்கி இறந்த தூய்மைப் பணியாளர்களின் வீடுகள் என்று அவருடைய கேமரா போன இடங்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். எல்லாமே பிறர் முகம் திருப்பிக்கொண்டு கடந்து போகிற இடங்கள். தம் தாயார் விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய் மீன் எடுத்து வந்து தெருவில் விற்ற வாழ்க்கையையும் அவர் படங்களாகத் தொகுத்திருக்கிறார். தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லித் தருவதையும் தம் வேலையின் பகுதியாகவே வைத்திருக்கிறார்.

அட்ஜேயையும் பழனிகுமாரையும் இணைப்பது கருவியோ காலமோ அல்ல. இருவரும் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு, அதே மனிதர்களிடம் போனவர்கள். தானே கற்பவருக்கு ஆசிரியர் இல்லாத குறையை ஈடுசெய்வது இந்தத் திரும்பிப் போதல்தான். முதல் நாள் எடுத்த படத்தில் தவறியது என்ன என்பதை இரண்டாம் நாள் அதே தெரு காட்டிக்கொடுத்துவிடும்.

இனிப் புதுச்சேரிக்கு வரலாம். இந்தியாவில் அதிகம் படமெடுக்கப்படும் சிறுநகரங்களில் இது ஒன்றாகிவிட்டது. ஆனால் எடுக்கப்படுவது ஊரின் ஒரு துண்டுதான். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைச் சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர், அதன்மேல் படர்ந்த காகிதப்பூ, நீல நிறத் தெருப் பலகை, முன்னால் ஒரு சைக்கிள். வார இறுதியில் துய்மா வீதியிலும் ரொமேன் ரோலான் வீதியிலும் ப்ரீ-வெட்டிங் ஷூட் குழுக்கள் வரிசையில் நிற்கின்றன. இவற்றில் தவறு ஏதும் இல்லை, சுவர் அழகானதுதான். ஆனால் அந்தச் சுவரைக் காலையில் கூட்டிப் பெருக்கும் பெண் பெரும்பாலான படங்களில் இல்லை. ஃப்ரேமிலிருந்து அவர் விலகும் வரை காத்திருந்துதான் கிளிக் செய்கிறார்கள். வாய்க்காலுக்கு மேற்கே ஊரின் பெரும்பகுதி பிழைப்பு நடத்தும் தெருக்களோ படமே இல்லாமல் கிடக்கின்றன.

தெருவாழ்வை எழுத்தில் பதிந்து வைத்தவர் ஒருவர் இந்த ஊருக்கு ஏற்கெனவே இருந்திருக்கிறார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்து சேர்ந்தது, சரக்கின் விலை, ஆளுநர் மாளிகையின் பேச்சு, ஊர்ச் சச்சரவு என்று கண்டதையும் கேட்டதையும் எழுதிக்கொண்டே போனார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியும் அதில் உண்டு. எழுதும்படி அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை. 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். பிறகு கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று காணும் நகரம் 1765க்குப் பின் மீண்டும் எழுந்தது. அதற்கு முந்தைய புதுச்சேரியின் அன்றாடம் எப்படி இருந்தது என்று தமிழில் தெரிந்துகொள்ள அந்த நாட்குறிப்பை விட்டால் பெரிய வழி இல்லை. ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீடு இன்னும் நிற்கிறது. அதே வீதியை ஒட்டித்தான் பெரிய மார்க்கெட்டும் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த பெரிய கேமராவும் இங்கே உண்டு. 1947இல் மேக்னம் ஒளிப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் இருந்துவிட்டு, அதே மாதம் புதுச்சேரிக்கு வந்தார். பல ஆண்டுகளாகக் கேமராவுக்கு முன் வராதிருந்த அரவிந்தரை அப்போது படமெடுத்தார். அரவிந்தர் அந்த டிசம்பரில் மறைந்தார். அந்தப் படங்கள் உலகம் முழுவதற்கும் தெரியும். சில நாள் தங்கிவிட்டுப் போகிறவர், எவ்வளவு பெரிய கலைஞரானாலும், ஒரு நிகழ்வைத்தான் எடுக்க முடியும். பெரிய மார்க்கெட்டில் ஆடி மாதம் என்ன மீன் வருகிறது, மார்கழியில் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்கே கிடைக்கும். குருசுக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ பிறந்து, தினமும் அந்தத் தெருவில் நடக்கும் ஒருவருக்கு, விமானச் சீட்டு வாங்கி வருபவரிடம் இல்லாத மூலதனம் இருக்கிறது.

அந்த மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் உள்ள இதற்குக் குபேர் அங்காடி என்பது அரசுப் பெயர். காலை நேரத்தில் மீன் பகுதிக்குள் நுழைந்தால் கண் பழகச் சற்று நேரமாகும். கூரை இடைவெளிகளிலிருந்து வெளிச்சம் பட்டை பட்டையாக இறங்குகிறது. ஈரத் தரை அதை மேலே திருப்பி அனுப்புவதால் குனிந்து மீன் வெட்டும் பெண்ணின் முகம் கீழிருந்து துலங்குகிறது. அரிவாள்மனையில் வஞ்சிரம் துண்டாகும்போது இடது கை மீனைத் தள்ளும், வலது கை வாங்கும். பார்வை மட்டும் வாடிக்கையாளர் முகத்திலேயே இருக்கும். இந்த இடத்தில் ஃப்ளாஷ் போட்டால் எல்லாம் செத்துவிடும். ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை உயர்த்தி, ஷட்டரை 250இல் ஒன்று என்ற அளவில் வைத்தால் கை அசைவு உறைந்து நிற்கும். 30இல் ஒன்று என்று குறைத்தால் கை மட்டும் கலங்கி முகம் தெளிவாக நிற்கும். இரண்டும் சரியே, எது வேண்டும் என்பதை எடுப்பவர் தீர்மானிக்கலாம். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின்கீழ் இந்த மார்க்கெட்டை இடித்துக் கட்டும் பேச்சும் அதற்கு வியாபாரிகளின் எதிர்ப்பும் சில ஆண்டுகளாக நடந்துவருகின்றன. முடிவு எதுவானாலும், இப்போதுள்ள மார்க்கெட்டின் ஒவ்வொரு வரிசையும், ஒவ்வொரு தட்டும், அங்கே உட்காருபவர்களும் இப்போதே பதிவாக வேண்டும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை புதுச்சேரி ஒரு நல்ல பள்ளிக்கூடம். வீதிகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. நேரு வீதியும் ரங்கப்பிள்ளை வீதியும் கிழக்கு மேற்காக இருப்பதால், கடலில் எழும் சூரியன் காலையில் அவற்றுக்குள் நேராகப் பாய்கிறது. கடலுக்கு முதுகு காட்டி நின்றால் எதிரே வருபவர்களின் முகத்தில் முழு வெளிச்சம். கடலைப் பார்த்து நின்றால் அதே மனிதர்கள் நிழலுருவங்கள். மிஷன் வீதியும் காந்தி வீதியும் வடக்கு தெற்காக ஓடுகின்றன; அங்கே காலை முழுவதும் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில் துணி, பாத்திரம், பழைய சாமான் விற்பவர்கள் நிழல் நகர நகரத் தார்ப்பாயையும் நகர்த்துவதைக் காணலாம்.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீடுகள் உள்ள தெருக்களில் இன்னொரு வெளிச்சம் உண்டு. பழைய வீடுகளின் முன்னே, தெருவை ஒட்டி மரத்தூண்களின்மேல் ஓட்டுக் கூரை சரிந்து இறங்கும், அது தாழ்வாரம். அதற்கு உட்புறம் திண்ணை. தாழ்வாரம் வழிப்போக்கருக்கு, திண்ணை வந்து உட்காருபவருக்கு. வீடு தெருவுக்குக் கொடுத்த இடம் இது. வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தாழ்வாரத்தின்கீழ் வெளிச்சம் மென்மையாகவே இருக்கும். நண்பகலில், மற்ற இடங்களில் கேமராவை உறையில் போடும் நேரத்தில், இங்கே பூக்கட்டும் கையையும் சாய்ந்து தூங்கும் ரிக்‌ஷாக்காரரையும் எடுக்கலாம். வைசியாள் வீதியில் இந்த முகப்புகள் பலவற்றை மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு புதுப்பித்திருக்கிறது. மற்ற தெருக்களில் அவை ஒவ்வொன்றாக இடிந்து, அந்த இடத்தில் ஷட்டர் போட்ட கடைகள் வருகின்றன. திண்ணை போனால் அதில் உட்கார்ந்திருந்தவர்களும் தெருவிலிருந்து போய்விடுகிறார்கள். இதை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எடுத்து வைத்தால் போதும், நகர வரலாறு எழுதுபவர் கைகூப்பி வாங்கிக்கொள்வார்.

கைபேசியில் எடுப்பதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸ் அகலமானது, பழைய கணக்கில் 24 முதல் 28 எம்.எம். வரை. அதில் முகம் தெரிய எடுக்க வேண்டுமானால் இரண்டு மூன்று அடிக்குள் போய் நிற்க வேண்டும். அவ்வளவு அருகில் போனால் பேசாமல் இருக்க முடியாது. தெரு எதிர்ப்புறத்திலிருந்து ஜூம் லென்ஸில் இழுத்து எடுத்த படத்தில் மனிதர் இருப்பார், உறவு இருக்காது.

தெருவில் எடுக்கும்போது எல்லாரையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். திருவிழாக் கூட்டத்தில் அது நடக்காது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும்போதும், ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரின் வடத்தைப் பிரெஞ்சுக்காரர் கால வழக்கப்படி துணைநிலை ஆளுநர் பிடித்து இழுக்கும்போதும், ஜூலை 14இல் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்கள் பதக்கங்களோடு போர் நினைவுச் சின்னத்துக்கு வரும்போதும், அங்கிருப்பவர்கள் ஊரறிய நிற்கிறார்கள். தனியே உட்கார்ந்து தொழில் செய்பவரிடம் நிலைமை வேறு. கடற்கரைச் சாலையில் சுண்டல் விற்பவர், டெம்போ ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுபவர், குப்பை வண்டியோடு நடப்பவர் ஆகியோரிடம் முதலில் பேச்சு, பிறகுதான் படம். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலோர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த முதல் படம் விறைப்பாக இருக்கும். அதையும் எடுத்துக் காட்டிவிட்டு அங்கேயே இருந்தால், கால் மணி நேரத்தில் அவர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். நல்ல படம் அப்போது கிடைக்கும். வேண்டாம் என்று சொன்னால் அது முடிவு. நடைபாதையில் தூங்குபவரையும், குடித்து விழுந்து கிடப்பவரையும், அழும் குழந்தையையும் அவர்கள் அறியாமல் எடுத்து வறுமையின் சின்னமாகப் போட்டிக்கு அனுப்புவது ஆவணம் ஆகாது. அது திருட்டு.

எடுத்த படத்தைத் திருப்பிக் கொடுப்பதும் இந்த வேலையின் பகுதி. அஞ்சலட்டை அளவில் ஒரு பிரிண்ட் போட அதிகம் செலவாகாது. மீன்கடையில் எடுத்ததை அடுத்த வாரம் மீன்கடையிலேயே கொடுத்தால், பக்கத்துக் கடைக்காரரும் கூப்பிட்டு உட்காரவைப்பார்.

பாதுகாத்தல் என்று வரும்போதுதான் தாமே கற்றவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே பல்லாண்டுகள் தெருக்களை எடுத்த விவியன் மையர், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். 2007இல் வாடகை பாக்கிக்காக அவருடைய பெட்டிகள் ஏலம் போனதால்தான் உலகுக்கு அவை தெரியவந்தன. கழுவப்படாத ஃபிலிம் சுருள்களும் ஏராளம். எந்தப் படம் எங்கே, யாரை எடுத்தது என்று சொல்ல அவர் 2009க்குப் பிறகு உயிரோடு இல்லை.

இன்றைய சிக்கல் வேறு விதமானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இடுப்பளவு நீரில் மாட்டை இழுத்துச் சென்றவரும், படகில் முதியவரை ஏற்றியவரும் கணக்கற்ற கைபேசிகளில் பதிவானார்கள். அவற்றில் மிகுதி வாட்ஸப் வழியாகச் சுற்றியவை. வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நேரம், இடம் போன்ற உட்குறிப்புகளையும் நீக்கிவிடும். கை மாறிய அந்தப் படத்தில் தண்ணீர் தெரியும். எந்தத் தெரு, எந்தப் புயல் என்பது தெரியாது. 2011 டிசம்பரில் தாக்கிய தானே புயலின் படமா, ஃபெஞ்சலின் படமா என்றுகூடச் சில ஆண்டுகளில் குழம்பிப்போகும். ஆகவே மூலக் கோப்பைத் தனியே வைத்திருப்பதும், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்து அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பதும் அவசியம். கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸிலும் நெகட்டிவிலும் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் அதற்குப் போதும்.

ஒவ்வொரு படத்துக்கும் கேப்ஷன் எழுதுவது அதைவிட முக்கியம். தேதி, தெரு, செய்யும் வேலை, அவர் சம்மதித்தால் பெயர், அவர் சொன்ன ஒரு வாக்கியம். மெஷின் தரும் உட்குறிப்பில் இவற்றில் பாதி இருக்காது. இந்த விவரங்கள் ஏன் வேண்டும் என்பதை ஊரின் இடிந்த கட்டடங்களே காட்டும். 1870களிலிருந்து கடற்கரைச் சாலையில் நின்ற, மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. 1962இல் கட்டிய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலுக்குள் போனது. கட்டடத்துக்கு வரைபடம் இருக்கும், திரும்பக் கட்டிவிடலாம். அந்தப் பாலத்தடியில் தூண்டில் போட்டவர்கள், மேரி வாசலில் பொம்மை விற்றவர்கள் ஆகியோருக்கு வரைபடம் எங்கும் இல்லை.

காப்பகம் என்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பு, லட்சத்துக்கு மேற்பட்ட படங்களோடு செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் கிடந்த குடும்பப் படங்களைத் தேடி எண்மமாக்கியும் இருக்கிறார்கள். கோயிலுக்கும் குடும்பத்துக்கும் சேகரம் உண்டு. தெருவுக்கு அப்படி ஒன்று இன்னும் உருவாகவில்லை.

உரிமை பற்றியும் ஒரு சொல். பணம் பெற்றுப் பிறருக்காக எடுத்ததாகவோ வேலைக்கான ஒப்பந்தத்தில் எடுத்ததாகவோ இல்லாத படத்தின் காப்புரிமை, கேட்காமலே எடுத்தவருடையது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கிறது. உணவகச் சுவரிலோ சுற்றுலா விளம்பரத்திலோ பெயரில்லாமல் போடக் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் படத்தைத் தர வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும், படத்தில் இருப்பவரின் குடும்பத்துக்கும் காசு கேட்பது அழகல்ல.

புதுச்சேரியின் தெருவைத் தொகுக்க அரசு ஆணைக்கோ நிதிக்கோ காத்திருக்கத் தேவையில்லை. ஆளுக்கொரு தெரு போதும். நெல்லித்தோப்பில் இருப்பவர் நெல்லித்தோப்பை, வைத்திக்குப்பத்தில் இருப்பவர் வைத்திக்குப்பத்தை, முல்லா வீதியில் இருப்பவர் முல்லா வீதியை எடுத்துக்கொள்ளட்டும். ஓராண்டு அதே தெருவில் நடந்து எடுத்து, கேப்ஷன் எழுதி, நவம்பர் 1 விடுதலை நாளில் அந்தத் தெருவின் சுவரிலேயே ஒட்டிக் காட்டுங்கள். படத்தில் இருப்பவர்கள்தாம் முதலில் பார்க்க வேண்டியவர்கள். அவர்கள் பார்த்த பிறகு ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் ஒப்படையுங்கள்.